மதிலும் மணியும்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

முன்னுரை

"நாடாளும் தலைவனுக்கு உயர்ந்த மதில் வேண்டுமா, திறந்த வாயில் வேண்டுமா?" என்று எங்கள் வகுப்பில் பேராசிரியர் ஒருநாள் வினவினார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. "தலைவன் உயிரோடு இருந்தால்தானே தொண்டு செய்ய முடியும்?" என்றனர் ஒரு சாரார். "மக்களைக் காணாத தலைவன் இருந்தென்ன, இல்லாமற் போயென்ன?" என்றனர் மறு சாரார். நான் அன்று வாய் திறக்கவில்லை. கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் எனக்கு அது வெறும் ஏட்டு வினாவாகத் தோன்றவில்லை. நம் நாட்டையும் அண்டை நாடுகளையும் ஒப்பிட்டு அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஓரியின் மலையில்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை எங்கள் மலை. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். காட்டில் வேட்டையாடி நிற்கும் வில்லாளன் ஒருவனைப் பாணர் கூட்டம் காண்கிறது. அவன் இன்னான் என்று அறியாமலே அவர்கள் பாடுகின்றனர். அவனோ வேட்டையில் கிடைத்த ஊனை உணவாக அளித்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். அவனே ஓரி! பாணர்க்கும் அவனுக்கும் இடையே வாயிற்காவலரும் இல்லை, வேலியும் இல்லை.

அந்த ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 ஆகிய நாள்களில் எங்கள் மலையில் அரசு விழா நடைபெறுகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து உயர் பதவியினர் செம்மேட்டுக்கு வருவர். ஓராண்டு என் தந்தையார் எங்கள் சிற்றூருக்குப் பாதை வேண்டி மனு எழுதி எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துச் சென்றார். மேடைக்கு வெகு தொலைவிலேயே சவுக்குக் கட்டைகளால் தடுப்பு அமைத்திருந்தனர். நண்பகல்வரை நின்றோம். காவலர் ஒருவர் இரக்கப்பட்டு மனுவை வாங்கிக் கையிலிருந்த கட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். சீட்டு ஒன்றும் தரவில்லை. அந்த மனு எங்கே போயிற்று என்பதை இன்றுவரை நாங்கள் அறியோம். திரும்பும் வழியில் தந்தையார், "ஓரியைப் பார்க்கப் போனவங்க கட்டைக்கு அந்தப்பக்கமா நின்னாங்க?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

ஆயினும் அந்தத் தடுப்பு காரணமின்றி வந்ததன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன்.

வணக்கத்தோடு வந்த மரணம்

1948 சனவரி 20-ஆம் நாள் தில்லியில் காந்தியடிகளின் வழிபாட்டுக் கூட்டத்தருகே குண்டு வெடித்தது. அதன் பின்னரும், வழிபாட்டுக்கு வருவோரைச் சோதனையிட அவர் இசையவில்லை. பத்து நாள் கழித்து, சனவரி 30 அன்று, கொலைஞன் அவர் முன் வந்து வணங்கிவிட்டுச் சுட்டான்.

இலங்கைப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா கொழும்பிலிருந்த தம் சொந்த இல்லத்தின் தாழ்வாரத்தில் பொதுமக்களைக் காண்பது வழக்கம். 1959 செப்டம்பர் 25 அன்று அங்கே வந்திருந்தோருள் ஒரு பௌத்த பிக்குவும் இருந்தார். பிரதமர் அவரைப் பணிந்து வணங்கியபோது பிக்குவின் காவியுடைக்குள்ளிருந்து துப்பாக்கி வெளிப்பட்டது. மறுநாள் பிரதமர் உயிர் நீத்தார்.

1991 மே 21 அன்று நம் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தியின் காலைத் தொடக் குனிந்த பெண்ணின் உடலில் வெடிகுண்டு இருந்தது. காந்தியடிகள் முன்னும் இராசீவ் முன்னும் கொலை செய்ய வந்தோர் வணங்கினர். கொழும்பிலோ கொலையுண்டவரே வணங்கினார். எந்த எளிமை தலைவனையும் மக்களையும் இணைக்கிறதோ, அந்த எளிமையையே கொலைஞர் வாயிலாகக் கொண்டனர். இதனை எண்ணும்போது செம்மேட்டுக் காவலர்மேல் எனக்கிருந்த சினம் தணிந்தது.

மதில் உயர்ந்த கதை

1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி தம் மெய்க்காவலர் இருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் விளைவாக 1985-இல் சிறப்புப் பாதுகாப்புக் குழு தோன்றியது. 1988-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பதவியிலுள்ள பிரதமருக்கும் அவர் குடும்பத்தாருக்குமே உரியதாக இருந்ததால், பதவி நீங்கிய இராசீவுக்கு அக்காவல் கிட்டவில்லை. அவர் மறைந்த பின்னரே, 1991-இல், முன்னாள் பிரதமர்க்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 2019-இல் மீண்டும் திருத்தி, பதவியிலுள்ள பிரதமர், அவரோடு அரசு இல்லத்தில் வாழும் குடும்பத்தார், பதவி நீங்கி ஐந்தாண்டுவரை முன்னாள் பிரதமர் என்று அதன் எல்லையைச் சுருக்கினர்.

பாகிஸ்தானின் முதல் பிரதமர் லியாகத் அலி கான் 1951 அக்டோபர் 16 அன்று இராவல்பிண்டிப் பூங்காவில் நடந்த பொதுக்கூட்டத்தில் சுடப்பட்டு மாண்டார். பின்னர் அப்பூங்கா அவர் பெயரையே பெற்றது. 56 ஆண்டுகள் கழித்து, 2007 டிசம்பர் 27 அன்று, அதே பூங்காவில் பேசிவிட்டு வெளியே வந்த பேநசீர் பூட்டோ, மக்களுக்குக் கையசைக்க வண்டியின் மேல்திறப்பு வழியே எழுந்து நின்றார். அவ்வேளையில் தாக்குண்டு இறந்தார். வண்டியின் இரும்புத் தகடு காக்க வல்லதுதான்; ஆனால் மக்களைக் காண விரும்பும் தலைவர் அதற்குள் அடங்கியிருக்க முடியவில்லை.

இலங்கையிலும் காவல் பெருகியது. ஆயினும் 1993 மே 1 அன்று அதிபர் பிரேமதாசா மே தின ஊர்வலத்தில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். ஒருவனுக்கெதிராக எழுப்பும் மதில்கூட முழுமையான காப்பு ஆகாது என்பது இவற்றால் விளங்கும்.

மதிலைத் தாண்டிய மக்கள்

இனி நாணயத்தின் மறுபக்கத்தை நோக்குவோம். எரிபொருளும் உணவும் மருந்தும் இன்றித் தவித்த இலங்கை மக்கள் 2022 சூலை 9 அன்று கொழும்பிலுள்ள அதிபர் மாளிகைக்குள் புகுந்தனர். தடுப்புகள் இருந்தன, காவலர் இருந்தனர், கண்ணீர்ப்புகையும் இருந்தது. ஒன்றும் நிற்கவில்லை. சில நாள்களில் அதிபர் கோத்தபய இராசபட்ச நாட்டை விட்டு நீங்கிப் பதவி துறந்தார். 2024 ஆகஸ்டு 5 அன்று வங்கதேசப் பிரதமர் சேக் அசீனா நாட்டை விட்டு வெளியேற, டாக்காவில் அவரது அரசு இல்லத்துள் மக்கள் நுழைந்தனர். 2025 செப்டம்பர் 9 அன்று நேபாளத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் தீக்கிரையாயிற்று. பிரதமர் ஒலி பதவி விலகினார். இக்கிளர்ச்சிகளில் பறிபோன இளைஞர் உயிர்கள் பல. எனவே இவற்றை வேடிக்கைக் கதையாகக் கூறலாகாது.

1959-இல் கொழும்பில் திறந்த வாயில் வழியே ஒருவர் துப்பாக்கியோடு வந்தார். 2022-இல் அதே நகரில் மூடிய வாயிலை உடைத்துக்கொண்டு பல்லாயிரவர் வந்தனர். காவற்படை ஒருவரைத் தடுக்கக் கூடும். ஊரைத் தடுக்க அதனால் இயலாது. எளிதில் காண முடியாதவனாய், குறைகளை ஆராய்ந்து முறை செய்யாதவனாய் உள்ள மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்னும் கருத்தைச் செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் வைத்துள்ளார். மூன்று தலைநகரங்கள் நான்காண்டுக்குள் அதற்கு உரை எழுதிவிட்டன.

இரு சிறு நாடுகள்

மாலத்தீவில் 2008 சனவரி 8 அன்று, தீவொன்றில் மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த அதிபர் கயூமை ஒருவன் கத்தியால் குத்த முயன்றான். வரவேற்பு வரிசையில் நின்ற சாரணச் சிறுவன் ஒருவன் வெறுங்கையால் கத்தியைப் பற்றித் தடுத்தான். சிறுவனின் கை புண்பட்டது, அதிபர் தப்பினார். மக்கள் அருகிலிருப்பது இடரும் ஆகலாம், காவலும் ஆகலாம் என்பதற்கு இது சான்று.

பூட்டானில் குடிமக்கள் தம் குறையை அரசரிடம் முறையிட்டு உதவி பெறும் மரபு உண்டு. அதனைக் 'கிது' என்பர். 2008-ஆம் ஆண்டின் அரசமைப்பும் நிலம் முதலிய உதவிகளை வழங்கும் அவ்வுரிமையை அரசரிடம் விட்டுவைத்துள்ளது. அரசர் மலையூர்களுக்கு நடந்து செல்வதும் உண்டு. ஆனால் எல்லாரும் அவரை நேரில் கண்டாக வேண்டும் என்பதில்லை. மாவட்டங்களில் இதற்கென அலுவலர் இருந்து முறையீடுகளைப் பெறுகின்றனர். அரசர் ஓரிடத்தில் இருக்க, அவர் செவி பல இடங்களில் இருக்கிறது. மலைநாட்டுக்கு ஏற்ற வழி இதுவே என்று எனக்குத் தோன்றியது.

திருவாரூர் மணி

இவ்வழி நமக்குப் புதிதன்று. மனுநீதிச் சோழன் கதையைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். தேர்க்காலில் கன்றை இழந்த பசு அரசனின் அவைக்குள் நுழையவில்லை, காவலரோடு போராடவுமில்லை. அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்தது. மதில் அப்படியே இருந்தது. காவலும் அப்படியே இருந்தது. ஆனால் மணியின் கயிறு மதிலுக்கு வெளியே எட்டும் உயரத்தில் இருந்தது. அசைத்தது யார் என்று அறிய அரசனும் எழுந்து வந்தான்.

நம் மாநிலத்தில் ஆட்சியர் சிற்றூருக்குச் சென்று மனுப் பெறும் நாளுக்கு மனுநீதி நாள் என்றே பெயர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளும் உண்டு. இவை நல்ல கயிறுகள்தாம். ஆனால் மலையிலிருப்பவர் நாமக்கல் சென்று திரும்ப ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். கயிறு இருந்தால் மட்டும் போதாது. கைக்கு எட்ட வேண்டும். இழுத்தால் மணி ஒலிக்கவும் வேண்டும்.

முடிவுரை

பேராசிரியரின் வினாவுக்கு என் விடை இதுதான்: மதில் இருக்கட்டும், மணியின் கயிறு வெளியே தொங்கட்டும். தலைவரின் உடல் அருகில் இருப்பதை நாம் எளிமை என்று எண்ணிவிட்டோம். கைகுலுக்கிச் சென்ற தலைவர் மனுவை மறக்கக் கூடும். தொலைவிலிருக்கும் தலைவர் விடை எழுதக் கூடும். மக்களுக்கு வேண்டுவது விடை.

ஓரி விழாவுக்கு வரும் பெருமக்களுக்கு உரிய காவல் இருக்கட்டும். அந்தத் தடுப்பின் இந்தப்பக்கம் ஒரு மேசையும், மனுவுக்கு எண்ணிட்டு ஒப்புகைச் சீட்டுத் தரும் ஓர் அலுவலரும் இருந்தால் போதும். மறு ஆண்டு ஆடி 18 அன்று அதே மேடையில் எந்த எண்ணுக்கு என்ன விடை என்று படிக்கட்டும். ஓரியின் பெயரால் எடுக்கும் விழாவுக்கு அதைவிடச் சிறந்த மாலை வேறில்லை.

அவ்வாறு செய்தால், என் தந்தையார் இன்னொரு மனு எழுதுவார். இம்முறை அதைத் தெளிவாக எழுதித் தர நான் இருக்கிறேன்.