நமது பிள்ளையும் தாதியாகலாம்

நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே கட்டிலருகே நிற்கும் தாதியரில் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? மிகக் குறைவென்றால், காரணம் திறமைக் குறைவா? சற்று ஆராய்வோம்.

கூடலூரின் அனுபவம்

தமிழ்நாட்டின் நீலகிரியிலுள்ள கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய ஆதிவாசி மக்கள் வாழ்கின்றனர். காட்டையும் நிலத்தையும் இழந்து கூலிவேலைக்குத் தள்ளப்பட்டவர்கள் இவர்களிற் பலர். 1990இல் அங்கே 'அஸ்வினி' அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை ஆரம்பமாயிற்று. 'படிப்புப் போதாது' என்று வாசலை மூடாமல், ஆதிவாசிப் பெண்பிள்ளைகளையே தெரிந்து, அவர்கள் நின்ற படியிலிருந்தே தாதி வேலையைக் கற்பித்தார்கள். தம் மொழி பேசும் ஒருத்தி அருகில் நின்றால் நோயாளியின் பயம் பாதி குறையும் அல்லவா?

கனடாவின் பூர்வகுடிப் பெண் ஈடித் மொன்ரூருக்குச் சொந்த நாட்டில் இந்த வாசல் திறக்கவில்லை. அமெரிக்கா சென்று படித்தே 1914இல் தாதியானார்.

நமது வாசல் எங்கே அடைபடுகிறது?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளம் மாவட்டத்துக்கு வந்தன. கரைத்தீவு போன்ற கரையோர ஊர்களில் வாழும் குடும்பங்கள் மூன்று இடங்களைக் கவனிக்கவேண்டும்.

1. பாடத் தெரிவு: அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞான அல்லது கணிதப் பிரிவுச் சித்தி கேட்பது வழக்கம். ஊரில் அப்பிரிவு இல்லையென்று வேறு பாடம் எடுத்த அன்றே வாசல் மூடிவிடுகிறது. ஆகவே சாதாரணதரத்துக்கு முன்பே யோசியுங்கள்.

2. அறிவித்தல்: விண்ணப்பம் வர்த்தமானியில் கோரப்படும். பயிற்சி மூன்று ஆண்டு. அக்காலத்தில் கொடுப்பனவும் உண்டு. இதை அறியாமலே பிள்ளை வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விடுகிறாள்.

3. பத்திரங்கள்: இடம்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழை முடிவுத் திகதி நெருங்கும்போது தேடினால் கிடைக்காது. பிரதேச செயலகத்தில் இன்றே பிரதி கேளுங்கள்.

ஊர் செய்யக்கூடியது

பஸ் காசு, விடுதிச் செலவு ஒரு குடும்பத்துக்குப் பாரம். ஊர்ச் சங்கம் சேர்ந்து சுமந்தால் அது இலேசாகும். வர்த்தமானியைப் பார்த்து அறிவித்தல் பலகையில் ஒட்ட ஒருவரை நியமிக்கலாம்.

கலந்துரையாடுக

- நமது ஊரில் இவ்வருடம் சாதாரணதரம் எழுதும் பிள்ளைகள் யார்? அவர்களிற் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் யார்?
- விஞ்ஞானம் படிக்க அருகிலுள்ள பாடசாலை எது? போய்வர என்ன செலவாகும்?
- அச்செலவில் நமது சங்கம் எவ்வளவை ஏற்கும்?