பவரைக் கூட்டினா வேகம் கூடுமா?

டவரும் ரவுட்டரும் இல்லாமல், கருவிகளே ஒன்றுக்கொன்று தகவலைக் கைமாற்றிவிடுவதுதான் அட்-ஹாக் நெட்வொர்க். புயலில் டவர்கள் சாய்ந்தால் மீட்புக் குழுவுக்குக் கைகொடுப்பது இதுதான். 'சிக்னல் பவரை ஏத்திட்டா போதுமே'ன்னு தோணும். ஆனா கணக்கு வேற மாதிரி போகுது, பாருங்க.

கருவிகள் நெருக்கமாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் எட்டும் தூரத்தை 2 மடங்காக்கினால் தகவல் தாவ வேண்டிய தடவை பாதியாகும். லாபம்தான். ஆனால் ஒரு கருவி பேசும்போது மற்றவை அமைதி காக்க வேண்டிய பரப்பு 4 மடங்காகும். அதனால் ஒரே நேரத்தில் பேசக்கூடியவை கால்வாசிதான். கூட்டிக் கழித்தால் நெட்வொர்க்கின் மொத்தத் திறன் பாதியாகிவிடும். திறந்தவெளியிலேயே இதற்கு 4 மடங்கு பவர் வேணும். பேட்டரியும் சீக்கிரம் காலி.

அப்போ குறைச்சுக்கிட்டே போகலாமா? அதுவும் கூடாது. இணைப்பு அறுந்து நெட்வொர்க் துண்டு துண்டாகிடும். தாவல் கூடினால் தாமதமும் கூடும்.

இணைப்பு அறாத அளவுக்கு மட்டும் பவர் கொடுத்தாலும், கருவிகள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கும் என்று குப்தாவும் குமாரும் 2000-ல் நிரூபித்தார்கள்.

ப்ராஜெக்ட்டுக்கு சிமுலேஷன் ஓட்டுறவங்க, பவரைப் படிப்படியா மாத்தி வேகம், தாமதம் ரெண்டையும் வரைஞ்சு பாருங்க. உச்சி நடுவுலதான் இருக்கும்!