பேட்டரியைக் குறை கூறுமுன் ஆல்டர்னேட்டரைச் சோதிப்போம்

தோட்டத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்குச் செல்லும் வழி நெடியது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் கார், இரப்பர்க் காட்டிடையே விளக்கு மங்கி நின்றுவிடுமானால் அத்துன்பம் சொல்லுந் தரமன்று. கார் நின்றதும் நம்மிற் பலர் பேட்டரியைக் குறை கூறிப் புதியது வாங்குகிறோம். சில நாட்களில் அதுவும் வலுவிழக்கிறது. உண்மையில், குறை ஆல்டர்னேட்டரில் இருந்திருக்கலாம். அதனைக் கண்டறியும் முறையை இங்குக் காண்போம்.

பேட்டரியை நீர்த்தொட்டி எனக் கொண்டால், ஆல்டர்னேட்டர் அதனை நிரப்பும் பம்பாகும். எஞ்சின் ஓடும்பொழுது பெல்ட் அதனைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மாறுமின்சாரத்தை உள்ளிருக்கும் டையோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன. காரின் தேவைக்குப் போக எஞ்சியது பேட்டரியில் சேர்கிறது.

முதலாவதாக, எச்சரிக்கை விளக்கைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் பேட்டரிப் படமுள்ள சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்பொழுதும் எரியுமாயின் பேட்டரிக்கு மின்சாரம் சரிவரச் செல்லவில்லை என்பது பொருள்.

இரண்டாவதாக, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டில் வெடிப்போ தளர்ச்சியோ உண்டா எனப் பார்த்தல் வேண்டும். பேட்டரி முனைகளில் வெண்பொடி பூத்திருப்பின் கம்பியைக் கழற்றித் துப்புரவு செய்து இறுக்க வேண்டும். பல வேளைகளில் பழுது இவ்வளவே.

மூன்றாவது, வோல்ட் மீட்டர்ச் சோதனை. மீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் + முனையிலும் கறுப்பை − முனையிலும் பொருத்துக. இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டால் 13.8 முதல் 14.5 வரை உயர வேண்டும். பின்னர் முன்விளக்கையும் குளிர்சாதனத்தையும் இயக்கி, எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டுக. அப்பொழுதும் 13க்குக் கீழ் இறங்கலாகாது. சிறிதும் உயராவிடில் ஆல்டர்னேட்டர், பெல்ட், கம்பி ஆகியவற்றுள் ஒன்று பழுது. 15ஐத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். அது பேட்டரியையே அழித்துவிடும். கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இவ்வளவுகள் வேறுபடலாம். கையேட்டைப் பார்த்தல் நன்று.

எஞ்சின் ஓடுகையில் பேட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. டைனமோ பூட்டிய பழைய கார்களின் காலத்துப் பழக்கம் அது. இன்று அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென ஏறி டையோடுகளும் கணினியும் எரிந்துபோகக்கூடும். ஆகவே, அதனை அறவே கைவிடுவோம். பேட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. அருகே புகைத்தல் கூடாது. கைலி, துண்டு, கூந்தல் ஆகியன பெல்ட்டில் சிக்காதவாறு காத்துக்கொள்ளுதலும் வேண்டும்.

ஒரு மீட்டரின் விலை புதிய பேட்டரியின் விலையினும் மிகக் குறைவு. லயத்திற்கு ஒன்று இருப்பினும் போதும். ஐந்து நிமிடச் சோதனை வீண்செலவைத் தடுக்கும்; அவசர வேளையில் ஓர் உயிரையும் காக்கும்.