வீட்டில் ஓதிக் கொடுப்போர் கவனத்திற்கு

ஏழு வயதானதும் பிள்ளையைத் தொழும்படி ஏவ வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அப்படியானால் அந்த ஏழு வயதுக்குள் ஃபாத்திஹா சூரா மனனமாகியிருக்க வேண்டும். ஒளூ செய்யப் பழகியிருக்க வேண்டும். அலிஃப், பே என்று எழுத்தைக் கூட்டவாவது தெரிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் மக்தபிலும் லெப்பை வீட்டுத் திண்ணையிலும் தாமாகவே நடந்து வந்தது ஒரு காலம். இன்று பல வீடுகளில் தாய்மார்களே இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். அருகில் மக்தப் இல்லாத நகரங்களில் குடியிருப்போர் உண்டு. பள்ளிக்கூடப் படிப்பையும் சேர்த்து வீட்டிலேயே நடத்துவது என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அல்லாஹ் அவர்கள் முயற்சியில் பரக்கத் செய்வானாக!

இந்தத் தாய்மார்களை ஓர் ஆசை பிடித்து ஆட்டுகிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

யாரோ ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஆறு வயதுப் பிள்ளை மடமடவென்று துஆக்களை ஒப்பிக்கிறது. அரபியில் நாலு வார்த்தை பேசுகிறது. எப்படி என்று கேட்டால், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு பாடத்திட்டத்தைக் காட்டுகிறார்கள். வண்ணப் படங்கள், அட்டைகள், வாரவாரியாகப் பிரித்த அட்டவணை, பதிவு செய்த பாடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. வீடு திரும்பும்போதே மனம் அதில் ஒட்டிக் கொண்டு விடுகிறது. நம் பிள்ளை இன்னும் யாஸீன் பக்கம் வரவில்லையே என்ற ஏக்கம் வேறு. ஷவ்வால் மாதத்தில் பெட்டி வந்து சேர்கிறது. மவ்லிது மாதம் வரும்போது அது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அடுத்த ஷவ்வாலில் இன்னொரு பெட்டி!

பணம் போனது சிறிய நஷ்டம். அந்தப் பிள்ளை அலிஃபை மூன்று முறை மூன்று விதமாகத் தொடங்கி, ஒரு முறையும் தமாம் செய்யவில்லையே, அதை எண்ணிப் பாருங்கள்.

எந்தப் பாடத்திட்டமும் ஏதோ ஒரு வீட்டை மனத்தில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடியாகி விட்டது. அங்கே எழுதப்படுபவை, காலை முதல் மாலை வரை தாய் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து எல்லாப் பாடங்களையும் நடத்துவாள் என்ற கணக்கில் அமைந்தவை. பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வரும் தொடர் நூல்களோ, பள்ளிக்கூடம் விட்டதும் மாலையில் உஸ்தாத் முன்னால் போய் அமரும் பிள்ளைக்கு உரியவை. ஆங்கிலம் வீட்டு மொழியாக இருப்பவர்களுக்கு உரியவை. அவற்றில் பெரும்பாலானவை ஹனஃபி மத்ஹப் முறைப்படி எழுதப்பட்டவை. குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அவரவர் தேவைக்கு அவரவர் எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு ஷாஃபிஈ வீட்டின் மாடியில், சுபுஹுக்கும் பள்ளிக்கூட வண்டிக்கும் இடையே கிடைக்கும் அரைமணி நேரத்தில் நடத்தப் பார்க்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

"உம்மா, ஒளூவுடைய ஃபர்ளு நாலுன்னு இதிலே போட்டிருக்கே! நீங்க ஆறுன்னு சொல்லித் தந்தீங்களே?"

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த உம்மாவுக்குக் கவலை இல்லை. ஹனஃபி மத்ஹபில் முகம் கழுவுதல், கைகளை முழங்கை உட்படக் கழுவுதல், தலைக்கு மஸ்ஹு செய்தல், கால்களைக் கழுவுதல் ஆகிய நான்கும் ஃபர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் இவற்றோடு நிய்யத்தும், வரிசைப்படி செய்வதும் சேர்ந்து ஆறு. இரண்டும் ஹக்கான வழிகளே. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு மத்ஹபுகளின் வரலாறு விளங்குமா? உம்மா சொன்னது தப்பு, அச்சிட்ட புத்தகம் சொன்னதுதான் சரி என்று அது முடிவு கட்டிவிடும். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் பிள்ளை சுபுஹில் குனூத் ஓதுவதைத் தினமும் பார்க்கிறது. புத்தகத்தில் அது வித்ரில் இருக்கிறது. வாங்குமுன் தொழுகைப் பாடத்தை மட்டுமாவது திறந்து பார்த்திருக்கலாம்.

குர்ஆன் ஓதும் பாடத்திலும் இதே கதைதான். நம் வீடுகளில் நெடுங்காலமாக இருப்பது இந்திய அச்சு முஸ்ஹஃப். வெளிநாட்டுத் திட்டங்கள் பலவும் 604 பக்கமுள்ள மதீனா முஸ்ஹஃபை வைத்துக் கணக்கிடுபவை. இரண்டிலும் கலாம் ஒன்றே. எழுத்தின் அமைப்பும் சுகூன், மத்து போன்ற குறிகளும் மாறுபடும். பக்கம் முடியுமிடமும் மாறும். பெரியவர்களுக்கு இது பொருட்டல்ல. புதிதாகக் கூட்டி ஓதும் பிள்ளை நேற்றுவரை சரளமாக ஓதியதில் தடுமாறும். ஹிஃப்ழு செய்யும் பிள்ளைக்கோ ஆயத்து பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பதுகூட ஞாபகத்துக்குத் துணை. பாதியில் முஸ்ஹஃபை மாற்றுவது அந்தத் துணையைப் பறிப்பதாகும்.

நல்ல நூல் என்பதாலேயே அது நம் பிள்ளைக்குப் பொருந்திவிடாது. வாணியம்பாடியில் 1933-இல் பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு அரபி கற்பித்து, 2023-இல் மறைந்த டாக்டர் வ. அப்துர் ரஹீம் (ரஹ்) அவர்களின் 'துரூஸுல் லுஙத்தில் அரபிய்யா' உலகெங்கும் பயன்படும் நூல். நம் மண்ணின் மைந்தர் எழுதியது என்ற பெருமையும் நமக்கு உண்டு. ஆனால் அது அரபியரல்லாத பல்கலைக்கழக மாணவர்களுக்காக எழுதப்பட்டது. வாசிக்கத் தெரிந்த வாலிபனுக்கு இலக்கணத்தை வாக்கியத்துக்குள் பொதித்துத் தரும் அந்த அழகான முறை, இன்னும் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்குப் பாரமாகிவிடும். அப்பிள்ளையின் தாய் படிப்பதற்கு அதைவிட நல்ல நூலைத் தேடிப் பிடிப்பது கஷ்டம் என்பேன்!

அழகான திட்டத்தைக் கண்டு மனம் மயங்குவது இன்று நேற்று வந்ததல்ல. துனிஸில் 1332-இல் பிறந்து கெய்ரோவில் 1406-இல் வஃபாத்தான வரலாற்று மேதை இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் தம் முகத்திமாவில் இதைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம் நாடுகளில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் முறை ஊருக்கு ஊர் வேறுபட்டதை அதில் எடுத்துக் காட்டுகிறார்கள். மஃரிபு நாட்டார் பருவமடையும்வரை குர்ஆனை மட்டுமே ஓதக் கொடுத்தார்கள். ஸ்பெயினின் அந்தலுஸ் மக்கள் குர்ஆனோடு கவிதையும் கடிதம் எழுதுதலும் கையெழுத்தும் சேர்த்தார்கள். இஃப்ரீகியா என்று அன்று அழைக்கப்பட்ட துனிஸ் பகுதியில் குர்ஆனோடு ஹதீஸும் இருந்தது.

இவற்றுக்கெல்லாம் மாறாக ஒரு புதிய திட்டத்தை, செவில் நகரத்துக் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். முதலில் அரபு மொழியும் கவிதையும், பிறகு கணிதம், அதன் பிறகே குர்ஆன். மொழி தெரிந்தபின் ஓதினால் பொருள் விளங்கி ஓதுமே, விளங்காததை ஏன் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் வாதம். இன்று எவரேனும் இதை அச்சிட்டுப் பெட்டியில் போட்டு விற்றால் நம்மில் எத்தனை பேர் வாங்காமல் இருப்போம்?

இப்னு கல்தூன் அவர்கள் இதற்குச் சொன்ன தீர்ப்புத்தான் நமக்குப் பாடம். இது நல்ல முறை என்று பாராட்டுகிறார்கள். ஆனால் மக்களின் வழமை இதற்கு இடம் கொடுக்கவில்லை என்கிறார்கள். பிள்ளை சிறியதாயிருக்கும்வரை பெற்றோர் சொல்லுக்குக் கட்டுப்படும். வாலிபத்தின் புயல் வீசத் தொடங்கிய பின் அது எந்தக் கரையில் ஒதுங்குமோ, யார் கண்டது? குர்ஆனைக் கடைசிக்குத் தள்ளி வைத்து, அதற்குள் அந்தப் பருவம் கடந்துவிட்டால் குர்ஆனே இல்லாமல் போய்விடும் அல்லவா? பிள்ளை தொடர்ந்து படிக்கும் என்பது நிச்சயமானால் காழியின் முறையே சிறந்தது என்றும் அவர்கள் ஒப்புக் கொள்கிறார்கள். அதாவது, ஒரு திட்டம் நல்லதா என்பது ஒரு கேள்வி. இந்த வீட்டில், இத்தனை வருடங்களுக்குள் அது முடியுமா என்பது வேறு கேள்வி. நம் தாய்மார்கள் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

வீட்டை அறிந்து எழுதிய நூல் எப்படியிருக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) 'ஃபத்ஹுத் தய்யான்' என்ற மார்க்கச் சட்ட நூலை அரபுத் தமிழில் எழுதினார்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பெண்களும் குர்ஆன் ஓதியதால் அரபு எழுத்தை அறிந்திருந்தார்கள். அவர்கள் பேசிய தமிழை, அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில், அவர்கள் பின்பற்றிய ஷாஃபிஈ மத்ஹபின்படி தந்தார்கள் அப்பெருமகனார்.

ஆகவே பெட்டியைத் திறக்குமுன் வீட்டைத் திறந்து பார்க்க வேண்டும். ஓதிக் கொடுக்கப் போவது யார்? அவருக்கு மக்ரஜ் சரியாக வருமா? கைக்குழந்தை இருக்கிறதா? ஒரு நாளில் உண்மையாகவே எத்தனை நிமிடம் கிடைக்கும்? பெண்களுக்குரிய நாட்களை அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் நினைப்பதேயில்லை. அந்நாட்களில் ஓதலாகாது என்பது இரு மத்ஹபுகளின் சட்டம்; கற்றுக் கொடுக்கும் பெண் சொல் சொல்லாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்க ஹனஃபி மத்ஹபில் சலுகை உண்டு. விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அந்த நாட்களில் வாப்பாவோ அப்பாவோ பாடம் கேட்பதற்கும், உம்மா நபிமார்களின் வரலாறு சொல்வதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு இருந்தால் மாதந்தோறும் ஸபக் அறுந்து போகாது.

சிறிதாயினும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வாயிலாக வந்த ஹதீஸை நாம் தொழுகைக்கும் திக்ருக்கும் சொல்கிறோம். ஸபக்குக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம். தினமும் மூன்று வரி, அதற்கு முந்திய நாள் பாடம், வெள்ளிக்கிழமையில் அந்த வாரம் முழுவதையும் திருப்பி ஓதுதல். இதற்கு மெல்லிய காயிதா ஒன்று போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாவது ஜுஸ்வில் இருக்கட்டுமே!

ஏற்கெனவே வாங்கியாகி விட்டது, என்ன செய்வது என்று கேட்பீர்கள். துஆ அட்டைகள் இருந்தால் எடுத்துச் சாப்பாட்டு அறையிலும் வாசற்படியிலும் ஒட்டி வையுங்கள். அவை எந்த வீட்டுக்கும் உதவும். வரலாற்றுக் கதைகளை இரவில் வாசித்துக் காட்டலாம். ஃபிக்ஹுப் பகுதியை மட்டும் ஆலிம் ஒருவரிடம் காட்டாமல் நடத்த வேண்டாம். மீதியை அது பொருந்தக்கூடிய வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை எந்த வரியில் நின்றதோ அந்த வரியில் மறுநாள் சுபுஹுக்குப் பின் ஓத வையுங்கள்.