திகதிக்கு ஒரு விலை

அன்பு மகளுக்கு,

"டிஸ்னிக்கு நாங்கள் ஏன் போகேல்லாது?" என்று நீ கேட்டதற்கு, "காசு கூட" என்று அப்பா இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு கூட, எப்போதிருந்து கூட, யாருக்குக் கூட என்பதையெல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். மொன்றியலில் இருக்கும் ஒருவருக்கு இந்தக் கதையை டிஸ்னி இருக்கும் ஒர்லாண்டோவில் தொடங்கத் தேவையில்லை. பெரி நிலையத்தில் மஞ்சள் மெத்ரோவில் ஏறி ஒரேயொரு தரிப்பு போனால் போதும்.

ஜான் த்ரப்போ நிலையத்தில் இறங்கி 767ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தால் லா ரோந்த் கேளிக்கைப் பூங்கா வாசலில் விடும். அந்தப் பூங்கா எக்ஸ்போ 67 உலகக் கண்காட்சியின் கேளிக்கைப் பகுதியாகப் பிறந்தது. மெத்ரோச் சுரங்கம் தோண்டிய மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து கொட்டித்தான் பூங்கா இருக்கும் தீவைப் பெருப்பித்தார்கள். மேயர் ஜான் த்ரப்போவின் பிடிவாதத்தால் நடந்த வேலை அது. 1967 ஏப்ரல் 28 முதல் ஒக்ரோபர் 29 வரை 5 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. கனடாவின் அன்றைய மொத்தச் சனத்தொகையே இரண்டு கோடியைச் சற்றுத் தாண்டியிருந்ததை யோசித்துப் பார். கண்காட்சி மண்டபங்கள் இரவில் மூடிய பிறகும் லா ரோந்த் அதிகாலை இரண்டரை மணி வரை விழித்திருந்தது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுச்சீட்டு 2.50 டொலர். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால் இன்றைய காசுக்கு 22, 23 டொலர் வரும். ராட்டினங்களுக்குத் தனிக்காசு கொடுக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனாலும் உலக நாடுகளின் மண்டபங்கள் எல்லாவற்றையும் பார்க்க அந்த ஒரு சீட்டு போதுமாக இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் பிள்ளைகுட்டிகளோடு திரும்பத் திரும்பப் போனார்கள். அப்படிப் போகாமல் அரை வருடத்தில் 5 கோடி வருகை வந்திருக்காது.

கண்காட்சி முடிந்த பிறகு பூங்கா நகராட்சியின் கையில் இருந்தது. 1985இல் லு மொன்ஸ்த்ர் என்ற இரட்டைத் தண்டவாள மர ரோலர் கோஸ்டர் வந்தது, உயரம் 40 மீற்றர். அதே ஆண்டில்தான் வாண வேடிக்கைப் போட்டியும் தொடங்கியது. 2001இல் அமெரிக்காவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் நிறுவனம் பூங்காவை 2 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. வாங்கியது ராட்டினங்களையும் தொழிலையும்தான். நிலம் இன்றும் நகரத்தினுடையது, 2065 வரை குத்தகை. இந்த ஒன்றை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். வரிக்காசில் உருவான பொதுநிலத்தில் நடக்கும் பூங்காவின் வாசல் விலை, அந்த நகரத்துச் சனங்கள் கேள்வி கேட்கக்கூடிய விடயம்.

அந்தக் கேள்வி கட்டாயம் எழவேண்டிய ஒரு வருடமும் வந்தது. 2022இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸின் தலைமை நிர்வாகியாக இருந்த செலிம் பசூல், மலிவுச் சீட்டுகளையும் கழிவுகளையும் வெட்டினார். தங்கள் பூங்காக்கள் பதின்ம வயதுப் பிள்ளைகளை மலிவாகப் பார்த்துக்கொள்ளும் இடங்களாகிவிட்டன என்று வெளிப்படையாகவே முறைப்பட்டார். உன் வயதுப் பிள்ளைகளைத்தான் சொன்னார். ஆட்கள் குறைந்தாலும் பரவாயில்லை, வருகிறவர்கள் ஆளுக்குக் கூடச் செலவழித்தால் போதும் என்பது கணக்கு. நிறுவனத்தின் எல்லாப் பூங்காக்களுக்குமாக 2021இல் 2 கோடி 77 லட்சமாக இருந்த வருகை 2022இல் 2 கோடி 5 லட்சமாக விழுந்தது. நான்கில் ஒருவர் வரவில்லை. வந்தவர்கள் ஆளுக்குக் கூடக் கொடுத்தும், மொத்த வருமானமும் குறைந்தது. விலையை ஏற்றியபோது சனங்கள் சண்டைபிடிக்கவில்லை, கடிதம் எழுதவில்லை. வீட்டில் இருந்துவிட்டார்கள்.

இனி ஒர்லாண்டோ.

வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 ஒக்ரோபர் 1இல் திறந்தபோது வாசல் கட்டணம் மூன்றரை டொலர். ஏழு சவாரிகளுக்கான சீட்டுப்புத்தகத்தோடு சேர்த்து வாங்கினால் 4.75. அன்று அமெரிக்காவின் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 1.60. ஆகக் குறைந்த கூலிக்காரரும் மூன்று மணித்தியாலம் உழைத்தால் ஒரு நாள் உள்ளே நிற்கலாம். அன்று அங்கே திறந்த பூங்கா மஜிக் கிங்டம். 2025 நத்தார்க் காலத்தில் அதன் உச்ச விலை 199 டொலர். புளோரிடாவின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 14 டொலர். மூன்று மணித்தியாலம் பதினாலாகிவிட்டது. இன்றைய சீட்டில் எல்லாச் சவாரிகளும் அடக்கம், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

ஆனால் மகள், உச்ச விலை மட்டும் முழுக்கதை இல்லை. டிஸ்னியின் இணையத்தளத்தில் நாட்காட்டியைத் திறந்து பார். ஒவ்வொரு திகதிக்குக் கீழும் ஒரு விலை இருக்கும். 2018இலிருந்து ஒர்லாண்டோவில் இப்படித்தான். 2025இல் ஆகக் குறைந்த நாளில் ஆகக் குறைந்த பூங்காவுக்கு 119 டொலர். கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் 104 டொலர் என்ற அடிமட்ட விலை 2019இலிருந்து ஏறவே இல்லை. அதே பூங்காவின் உச்ச விலையோ 2025 ஒக்ரோபரில் 224க்குப் போய்விட்டது. "எங்களிடம் மலிவான நாளும் இருக்கிறதே" என்று நிறுவனம் சொல்லும்போது அது உண்மையைத்தான் சொல்கிறது. அந்த நாள் யாருக்கு வாய்க்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒர்லாண்டோவில் மலிவான நாட்கள் பெரும்பாலும் ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும் விழும். கியூபெக்கில் அப்போது பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும். உனக்கு விடுமுறை எப்போது? நத்தார்க் கிழமைகள், மார்ச் தொடக்கத்து இடைவிடுமுறை, பிறகு கோடை. அப்பாவுக்கு எப்போது? கட்டட வேலை செய்பவர்களுக்கு யூலை கடைசி இரண்டு கிழமைகள் என்று இந்த மாகாணத்தில் 1970களின் தொடக்கத்திலிருந்தே வகுத்து வைத்திருக்கிறார்கள். அதோடு ஒட்டிய பல தொழிற்சாலைகளும் அதே கிழமைகளில்தான் மூடும். திகதியைத் தானே தெரிவுசெய்யக்கூடியவர் யார் என்று பார்த்தால், பள்ளி வயதுப் பிள்ளை இல்லாதவர், ஓய்வுபெற்றவர், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தும் வேலை செய்யக்கூடியவர். இரண்டு பிள்ளைகளோடு, மேலாளர் எழுதிவைக்கும் நேர அட்டவணையில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு அந்த நாட்காட்டியின் மலிவுப் பெட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே பூட்டிய பெட்டிகள். சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு விடை சம்பளத்தில் பாதி, இந்த நாட்காட்டியில் பாதி.

கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். டிஸ்னியில் 10 வயது ஆனாலே பெரியவர் விலை, ஆகவே தம்பியையும் சேர்த்து உங்கள் வீட்டில் நான்கு பெரியவர்கள். ஒரு அமெரிக்க டொலருக்கு 1.40 கனடிய டொலர் என்று வைத்துக்கொள். 199 டொலர் நாளில் நான்கு பேருக்கு ஏறக்குறைய 1,115 கனடிய டொலர். கியூபெக்கில் 2025 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 16.10 ஆனது. வரி கழிக்காமலே 69 மணித்தியால வேலை, ஒரே நாளுக்கு. 119 டொலர் நாளில் ஏறக்குறைய 666 டொலர், 41 மணித்தியாலம், அதாவது முழுதாக ஒரு வேலைக்கிழமை. பல நாள் சீட்டு எடுத்தால் நாளுக்கான விலை இறங்கும், அது உண்மை. ஆனால் இதில் புளோரிடாவின் விற்பனை வரி இல்லை. விமானம் இல்லை, அறை இல்லை, சாப்பாடு இல்லை. காரில் போகலாம் என்றால் இங்கிருந்து 2,300 கிலோமீற்றர் அளவில் ஓடவேண்டும்.

வரிசையையும் விற்கிறார்கள். 1999இல் டிஸ்னி கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசமாக இருந்தது. யாராக இருந்தாலும் நேரம் குறித்த துண்டை எடுத்துக்கொண்டு பிறகு வரலாம். 2021இல் அதற்குப் பதிலாக வந்தது காசு கட்டி வாங்கும் முறை. 2024 ஒக்ரோபரில் அறிமுகமான பிரீமியர் பாஸ் உச்ச நாட்களில் ஒரு ஆளுக்கு 449 டொலர் வரை போனது, நுழைவுச்சீட்டு அதற்கு வேறாக. இந்தத் தொகைகளைவிட மனதை உறுத்துவது வேறொன்று. ஒரே வாசலால் உள்ளே போன இரண்டு பிள்ளைகளில் ஒன்று வெயிலில் நிற்க, மற்றது பக்கத்துப் பாதையால் நடந்து முன்னுக்குப் போகிறது. முன்பு பூங்கா என்றால் பணக்காரப் பிள்ளையும் வரிசையில் நிற்கும் இடமாக இருந்தது. அது போனது பெரிய இழப்பு.

கடன் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. 2024இல் லெண்டிங்ட்ரீ என்ற அமெரிக்க நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், டிஸ்னிக்குப் போனவர்களுள் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பெற்றோரில் 45 சதவீதமானோர் அதற்காகக் கடன்பட்டதாகச் சொன்னார்கள். இங்கே கடன் அட்டை வட்டி பலருக்கு 20 சதவீதத்தைத் தொடும். வகுப்பில் யாராவது படங்களைக் காட்டும்போது, அவர்கள் வீட்டில் இன்னும் கட்டி முடியாத தவணையும் இருக்கலாம் என்பதை நினைத்துக்கொள். அதைச் சொல்லிக்காட்ட வேண்டாம். உன் அப்பாவின் மறுப்பைக் கஞ்சத்தனம் என்று மட்டும் எண்ணாதே.

அப்படியென்றால் கேளிக்கைப் பூங்காவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பெரிய ரோலர் கோஸ்டரின் உச்சியில் ஒரு நொடி நின்று விழும்போது போடும் கூச்சலுக்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்க முடியாது. லா ரோந்தின் கோலியாத் 53 மீற்றர் உயரம், 2006இல் வந்தது. அங்கேயே 1885இல் பெல்ஜியத்தில் செய்த குதிரை ராட்டினம் ஒன்றும் எக்ஸ்போ காலத்தில் வந்து தங்கியது. அது இன்னும் ஓடினால், மரக் குதிரைகளின் வண்ணத்தை நின்று நிதானமாகப் பார், விளக்கு வெளிச்சத்தில் அவை தனி அழகு. லா ரோந்துக்குப் போவதென்றால் வாசலில் ரிக்கெற் வாங்குவது ஆகக் கூடிய செலவு. சீசன் பாஸ் அடுத்த வருடத்துக்கென்று வழக்கமாகக் கோடை முடிவில் விற்பனைக்கு வரும்போதுதான் விலை இறங்கியிருக்கும். இரண்டு, மூன்று தடவை போகிற வீட்டுக்கு அதுவே லாபம். காரில் போகவேண்டாம், தரிப்பிடக் காசு தனியாக ஏறிவிடும். தம்பிக்கு 12 வயதாகும் வரை மெத்ரோவும் பஸ்ஸும் இலவசம், 2021 யூலையிலிருந்து.

கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உனக்கு ஒரு நல்ல ஆயுதம். 2010இலிருந்து, விளம்பரத்தில் காட்டும் விலைக்குள் கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். வெளியே நிற்கக்கூடியவை மத்திய, மாகாண விற்பனை வரிகள்தான், இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 15 சதவீதம். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு "சேவைக் கட்டணம்" முளைத்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யலாம். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் கனடாஸ் வொண்டர்லாண்ட் மீது, இப்படித் துளித்துளியாக விலை ஏற்றுகிறது என்று போட்டிப் பணியகம் 2025 மே மாதம் தீர்ப்பாயத்தில் வழக்கே தொடுத்தது.

காசே இல்லாமல் பார்க்கக் கிடைப்பதும் உண்டு. லா ரோந்தில் நடக்கும் வாண வேடிக்கைப் போட்டிக்கு உள்ளே ஆசனம் வாங்கத் தேவையில்லை. அந்த இரவுகளில் ஜாக் கார்த்தியே பாலத்தை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள், ஆயிரக்கணக்கானோர் பாய், பால் போத்தல், பிள்ளைவண்டி சகிதம் அங்கே ஏறிவிடுவார்கள். பழைய துறைமுகக் கரையிலும் அதே கூட்டம். நல்லூரில் 25 நாள் திருவிழா பார்த்து வளர்ந்த உன் அம்மாவுக்கு அந்தக் கூட்டத்தில் நிற்பது பழகிய விடயம்.

டிஸ்னி ஆசையை நீ விடவேண்டாம். ஒரு தாளை எடு. முதலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றாக விடுமுறை கிடைக்கக்கூடிய கிழமைகளை எழுது. அவற்றுக்கு நேரே நாட்காட்டியில் உள்ள விலை, நான்கு பேர், டொலர் மாற்று, வரி, பயணம், அறை என்று வரிசையாகப் போடு. டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம், சாப்பாட்டுக் கடைகளில் கேட்டால் தண்ணீர் சும்மா கிடைக்கும். அதனால் உணவுச் செலவைப் பாதியாக்கிக் கணக்கிடு. வரும் தொகையை 24 மாதத்தால் பிரி. அந்தத் தாளோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
சித்தி