ராத்திரியோடு இறங்கிவிடும் கார் பேட்டரி: காரணம் கண்டுபிடிக்க 12 குறிப்புகள்

இரவு நன்றாக ஓடி வந்து நின்ற கார், காலையில் சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு அடங்கிவிடுகிறதா? அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்காதீர்கள். பேட்டரியே பலவீனமா, ஓடும்போது சார்ஜ் ஏறவில்லையா, நிறுத்திய வண்டியில் எங்கோ கரண்ட் கசிகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். கசிவு இருந்தால், புது பேட்டரியும் சில நாட்களில் இறங்கிவிடும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பெரும்பாலான சோதனைகளை வீட்டு வாசலிலேயே செய்யலாம். இவை பெட்ரோல், டீசல் கார்களின் 12 வோல்ட் பேட்டரிக்கான குறிப்புகள். ஹைப்ரிட், மின்சார கார்களை சர்வீஸ் சென்டரிலேயே காட்டுங்கள்.

1. கண்ணால் பாருங்கள்: இருட்டிய பிறகு காரைப் பூட்டிவிட்டுச் சுற்றி வாருங்கள். பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்ச் சிக்கிக்கொண்டால், பின்பக்க சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டிக்கி விளக்கு அணைகிறதா என்று பார்க்க, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடுங்கள். டாஷ்போர்டு பெட்டி விளக்கையும் இப்படியே பார்க்கலாம்.

2. டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள்: பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சார்ஜ் சரியாக ஏறாது, செல்ஃபும் எடுக்காது. மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று வயரைக் கழற்றுங்கள். ஆப்ப சோடா கலந்த தண்ணீரைத் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். துடைத்து உலர்ந்ததும் முதலில் பிளஸ், பிறகு மைனஸ் மாட்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி பூப்பது குறையும்.

3. ஓய்வில் வோல்ட் பாருங்கள்: முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி.

4. ஓர் இரவு வயரைக் கழற்றி வையுங்கள்: மீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே நல்ல சோதனை. முழு சார்ஜ் உள்ள பேட்டரியின் மைனஸ் வயரை மட்டும் கழற்றிவிடுங்கள். காலையில் மாட்டியதும் கார் ஜோராகக் கிளம்பினால், வண்டியில்தான் கசிவு. அப்போதும் திணறினால் பழுது பேட்டரியில். கடிகாரமும் ரேடியோ செட்டிங்கும் அழிந்துபோகலாம். பழைய சில ஸ்டீரியோக்கள் ரகசிய எண் கேட்கும், அதை முன்பே எடுத்து வையுங்கள்.

5. இன்ஜின் ஓடும்போது அளந்து பாருங்கள்: பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைப்பதால் அளவு மாறலாம். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பார்த்து, ஆல்டர்னேட்டரை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

6. கணக்குப் போடுங்கள்: சிறிய கார் பேட்டரி பலவும் 35 ஆம்பியர்-மணி அளவுள்ளவை. 5 வாட் டிக்கி விளக்கு ஏறக்குறைய 0.4 ஆம்ப் இழுக்கும். 12 மணி நேரத்துக்கு 5 ஆம்பியர்-மணிதான் போகும். நல்ல பேட்டரி இதைத் தாங்கும். ஒரு சின்ன விளக்குக்கே ஒரே இரவில் காலியானால் பேட்டரியும் தளர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு ஹெட்லைட்டுகள் 9 ஆம்ப் வரை இழுப்பதால், நான்கு மணி நேரத்தில் புது பேட்டரியையும் தீர்த்துவிடும்.

7. கசிவை அளக்கும் முறை: எல்லாவற்றையும் அணைத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். ஃப்யூஸ் பெட்டி உள்ளே இருந்தால் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலையில் வையுங்கள். சாவியைத் தள்ளி வையுங்கள். மீட்டரை டிசி 10 ஆம்பில் வைத்து, சிவப்பு வயரை 10 ஆம்ப் துளையில் சொருகுங்கள். மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருகவே கூடாது, மீட்டர் பாழாகிவிடும். பிளஸ்ஸையும் மைனஸையும் அதே ஆம்ப் நிலையில் நேராக இணைத்தால் ஷார்ட் ஆகும்.

8. பொறுமையாகக் காத்திருங்கள்: முதலில் மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும். உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதன்பின் 50 மில்லி ஆம்புக்குள், அதாவது 0.05-க்குள் வந்தால் பெரும்பாலான கார்களில் கசிவு இல்லை. அரை ஆம்ப், ஒரு ஆம்ப் என்று நின்றுவிட்டால் திருடன் உள்ளேதான் இருக்கிறான்.

9. ஃப்யூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: முதலில் ஃப்யூஸ் பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கழற்றி மீட்டரைப் பார்த்துவிட்டுப் பிறகு அடுத்தது. எதை எடுத்ததும் எண் சடாரென்று இறங்குகிறதோ, அந்தச் சர்க்யூட்டில்தான் கோளாறு. அது எதற்கானது என்று மூடியின் உள்பக்கத்தில் குறித்திருக்கும். அதே ஆம்ப் ஃப்யூஸை அதே இடத்தில் மாட்டுங்கள். ஃப்யூஸுக்குப் பதில் கம்பி சுற்றினால் வண்டி தீப்பிடிக்கலாம்.

10. பின்னால் மாட்டியவற்றைச் சந்தேகப்படுங்கள்: ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம் ஆகியவை அடிக்கடி காரணமாகின்றன. சாவியோடு சேர்ந்து அணைய வேண்டிய ஸ்டீரியோ வயரை நேராக பேட்டரி லைனில் கொடுத்துவிட்டால், அது இரவு முழுக்க விழித்திருக்கும்.

11. எந்த ஃப்யூஸை எடுத்தும் குறையவில்லையா?: ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு பழுதானால் கரண்ட் பின்னோக்கிப் பாயும். ஃப்யூஸ் பெட்டியில் இது பெரும்பாலும் தெரியாது. மைனஸ் வயரைப் பிரித்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி டேப் சுற்றி மறுபடி அளக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

12. அவசரத்துக்கு ஜம்ப் ஸ்டார்ட்: சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுங்கள். கருப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை இறங்கிய காரின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதால்தான் இந்த முறை. பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ முயற்சியே வேண்டாம். ஸ்டார்ட் ஆனாலும் சிறிது தூரம் ஓட்டினால் முழு சார்ஜ் ஏறாது, சார்ஜரில் போடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு பேட்டரிதான் பழுது என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். நம் ஊர் வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். மூன்று, நான்கு வருடம் உழைத்திருந்தால் அதுவே பெரிது. பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், உள்ளிருக்கும் ஈயமும் மண்ணில் கலக்காது.