உள்நாட்டு நீதியும் வட்டார அமைதியும் – இந்தோனேசியா காட்டும் பாடம்

முன்னுரை

வட்டாரப் பாதுகாப்பு என்றதும் எல்லைக் காவலும் படை வலிமையும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் விடுதலை பெற்ற நாடுகளின் வரலாற்றை நோக்கின், ஒரு நாட்டின் உள்ளே நிகழும் அரசியல் மாற்றமும் அண்டை நாடுகளின் அமைதியை ஆக்கவோ அழிக்கவோ வல்லது என்பது புலனாகும். பகையைப் பற்றிப் பேசவந்த திருவள்ளுவர் ‘உட்பகை’ எனத் தனி அதிகாரமே வகுத்திருத்தல் ஈண்டு எண்ணத்தக்கது. இவ்வுண்மையை இந்தோனேசியாவில் நிகழ்ந்த இரு பெரும் மாற்றங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் மாற்றம்

1955ஆம் ஆண்டில் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளை ஒன்றுகூட்டிப் புகழ்பெற்றது இந்தோனேசியா. எட்டே ஆண்டுகளில் அந்நாடே அண்டை நாட்டோடு மோதத் தொடங்கியது. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவானபோது, அதனைக் குடியேற்ற ஆதிக்கத்தின் சூழ்ச்சி என்று அதிபர் சுகர்ணோ எதிர்த்தார். போர்னியோக் காடுகளில் ஊடுருவலும் சண்டையும் நிகழ்ந்தன. 1965 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையிலிருந்தும் இந்தோனேசியா விலகியது.

வெளியே மோதல் நடந்த அதே காலத்தில் உள்ளே விலைவாசி விண்ணை முட்டியது; இராணுவத்திற்கும் பொதுவுடைமைக் கட்சிக்கும் இடையே பகை முற்றியது. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதி இரவில் தொடங்கிய கலகத்தில் படைத்தலைவர்கள் அறுவர் கொல்லப்பட்டனர். அதனையடுத்த படுகொலைகளில் ஐந்து இலட்சம் பேரோ அதற்கும் மேற்பட்டோரோ மாண்டிருக்கலாம் என வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர். 1966 மார்ச்சில் அதிகாரம் சுகார்த்தோவின் கைக்கு மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் மலேசியாவுடன் உடன்பாடு ஏற்பட்டது. 1967 ஆகஸ்ட் 8ஆம் நாள் பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் ‘ஆசியான்’ அமைப்பைத் தோற்றுவித்தன. சிங்கப்பூரின் சார்பில் கையொப்பமிட்ட எஸ். இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது.

மௌனத்தின் விலை

ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடாமை என்பது ஆசியானின் அடிப்படைக் கொள்கை. 1976இல் பாலித் தீவில் கையெழுத்தான நட்புறவு உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. இக்கொள்கையின் நன்மையை மறுத்தற்கில்லை. அமைப்பைத் தொடங்கிய ஐந்து நாடுகளுக்கிடையே அதன்பின் போர் மூண்டதில்லை. ஆயினும், அரசுகளைக் காத்த அந்த மதில் மக்களைக் காக்கவில்லை. 1975 டிசம்பர் 7ஆம் நாள் இந்தோனேசியப் படை கிழக்குத் தீமோரில் புகுந்தது. மறு ஆண்டில் அதனைத் தன் மாநிலமாக இணைத்துக் கொண்டது. 1991 நவம்பர் 12ஆம் நாள் திலி நகரின் சாந்தா குரூஸ் இடுகாட்டில் திரண்ட மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். தலையிடாமையின் பெயரால் ஆசியான் வாளாவிருந்தது.

இரண்டாம் மாற்றம்

1997 ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி இந்தோனேசியாவையும் உலுக்கியது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூபியாவாக இருந்த மதிப்பு, சில மாதங்களிலேயே 10,000 ரூபியாவுக்கும் கீழே சரிந்தது. 1998 மே 12ஆம் நாள் ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழக மாணவர் நால்வர் துப்பாக்கிக்கு இரையாயினர். அடுத்த நாட்களில் எழுந்த கலவரத்தில் சீன வம்சாவளியினர் பெருந்துன்பம் உற்றனர். மாணவர்கள் நாடாளுமன்ற வளாகத்தில் குழுமினர். மே 21ஆம் நாள் சுகார்த்தோ பதவி விலகினார்.

அவருக்குப் பின் வந்த ஹபீபி, தீமோர் மக்களின் விருப்பத்தை அறிய இசைந்தார். 1999 ஆகஸ்ட் 30ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் பிரிந்து செல்ல வாக்களித்தனர். அதன்பின் ஆயுதக் குழுக்கள் ஊர்களை எரித்தன. ஆஸ்திரேலியாவின் தலைமையில் சென்ற பன்னாட்டுப் படையில் தாய்லாந்தும் பிலிப்பைன்சும் பங்கேற்றன. 2002 மே 20ஆம் நாள் தீமோர் தனிநாடாயிற்று. 2004இல் இந்தோனேசிய மக்கள் முதன்முறையாகத் தம் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 1976 முதல் புகைந்த ஆச்சே போராட்டமும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கி உடன்பாட்டால் தணிந்தது. 2025 அக்டோபரில் தீமோர் ஆசியானின் பதினோராவது உறுப்பு நாடாயிற்று.

முடிவுரை

இரு மாற்றங்களையும் ஒப்பிடுக. முதலாவது அண்டை நாடுகளுக்கு அமைதி தந்தது. உள்நாட்டில் குருதியின்மேல் எழுந்து, அச்சத்தால் நிலைத்தது. இரண்டாவதும் துன்பமின்றி வரவில்லை. ஆயினும் மக்களின் குரலுக்குச் செவிசாய்த்தது. அதனால்தான் நேற்றைய பகைப்புலம் இன்று அதே அவையில் சமமாய் அமர்கிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, ஆசியான் தலைவர்கள் மூன்று மாதங்களுக்குள் ஜகார்த்தாவில் கூடி ஐந்து அம்ச இணக்கம் கண்டனர். அங்கு உள்நாட்டுப் போரை அது நிறுத்தவில்லை எனினும், பழைய மௌனம் சிறிதேனும் கலைந்தது.

மாணவச் செல்வங்கள் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே: எல்லையில் நிற்கும் படை அந்நியரைத் தடுக்கலாம், நீதி மறுக்கப்பட்ட குடிமக்களின் துயரம் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. தன் குடிகளுக்கு நீதி வழங்கும் அரசே அண்டை நாட்டிற்கும் நல்ல அரணாகும்.